கண்மாய்க்குப் பணம் வந்தால் முதலில் எங்கே செலவழிப்பது?

செட்டிநாட்டு ஊர்களில் கண்மாய் வேலைக்குப் பணம் சேர்வது எப்போதாவது நடக்கிற காரியம். குடமுழுக்குக்கோ படைப்புக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் வருகிறவர்கள் கரையில் ஏறி நின்று உள்ளே பார்ப்பார்கள். மனசு கேட்காமல் "ஏதாவது செய்யணும்" என்பார்கள். அப்புறம் ஒரு கூட்டம், ஒரு வங்கிக் கணக்கு. அந்தக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காமல் முடிவாகிவிடுகிற வேலை ஒன்று உண்டு: தூர்வாருவது. பொக்லைன் வாடகை எவ்வளவு, டிப்பர் எத்தனை நடை, எத்தனை அடி ஆழம் என்று பேச்சு நேராக அங்கே போய்விடும். தூர்வாருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே பணத்தைச் செலவழிக்க இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் பக்கத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் ரூபாய் போக வேண்டிய இடம் கரைக்கு வெளியே, தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கம் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

நம் நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். வற்றாத ஆறு நமக்குக் கிடையாது. தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, சருகணியாறு எல்லாமே மழை பெய்தால் ஓடுகிறவை. கிழக்கே பாக் நீரிணையைப் பார்த்துப் போகிறவை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குக் கிட்ட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்துவிடும். மேலே செம்மண்ணும் சரளையும், அடியில் பல இடங்களில் செம்புறாங்கல். நிலத்தின் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டு. இப்படிப்பட்ட நிலத்தில்தான் முன்னோர்கள் ஓடிவரும் மழைநீரை மறித்துக் கரை போட்டார்கள். ஒரு கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு பாய்ந்தால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. சங்கிலி மாதிரியான ஏற்பாடு. அதனால் மேலே ஒருவர் தன் நிலத்தில் செய்கிற மாற்றம் கீழே இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையில் தெரியும்.

அந்த மேட்டு நிலம் நம் கண் முன்னாலேயே மாறிவிட்டது. முன்பு அங்கே முள்காடும் மேய்ச்சல் புல்லும் இருந்தன. மழையை நம்பி வரகும் கடலையும் போட்டார்கள். இன்று தைலமரத் தோப்பு, சீமைக் கருவேலம், கிராவல் வெட்டிய பள்ளம், பிளாட் போட்டுக் கல் நட்ட பொட்டல். ஒவ்வொன்றும் தண்ணீரையும் மண்ணையும் வேறு வேறு விதமாகப் பாதிக்கிறது. தைலமரத் தோப்பிலிருந்து தண்ணீர் வருவது குறைகிறது. கிராவல் பள்ளம் வருகிற தண்ணீரை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. புல்லைச் சுரண்டிச் சமப்படுத்திய பிளாட்டோ தண்ணீரையும் விட்டுவிடுகிறது, கூடவே மண்ணையும் அனுப்புகிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து ஓடைகளை ஆராய்ந்த வோல்மன் என்பவர் 1967-இல் இந்த மாற்றத்தைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்தார். காடு வயலானபோது ஓடையில் வண்டல் கூடியது. வயலை அழித்து வீடு கட்டத் தொடங்கிய சில ஆண்டுகளில் அது பல மடங்கு எகிறியது. எல்லாம் கூரையும் தார்ச்சாலையுமாக மூடிய பிறகு வண்டல் இறங்கிவிட்டது. ஆனால் வேகமாக வரும் வெள்ளம் ஓடையின் கரையையே அறுக்க ஆரம்பித்தது. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியைச் சுற்றி, கோட்டையூர்ப் பக்கமும் தேவகோட்டைச் சாலைப் பக்கமும் போய்ப் பாருங்கள். நாம் அந்த நடுக்கட்டத்தில் நிற்கிறோம். நிலத்தைத் திறந்து போட்டாயிற்று, வீடு இன்னும் வரவில்லை. மண் அதிகமாக ஓடிவருகிற கட்டம் இதுதான். இந்த நேரத்தில் கண்மாயை மட்டும் தோண்டினால், தோண்டிய பள்ளத்துக்கு மண் வந்துகொண்டே இருக்கும்.

சரி, முதல் வழியான தூர்வாருதலுக்கு வருவோம். இதன் நல்ல பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. வேலை கண்ணுக்குத் தெரியும். பணம் கொடுத்தவர்களுக்கும் திருப்தி. எடுத்த வண்டலுக்கு மதிப்பு உண்டு. விவசாயிகள் கண்மாய் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு வழி செய்தது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்தார்கள். 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. செம்மண் கொல்லையில் வண்டல் போட்டால் ஈரம் நிற்கிற நாள் கூடும் என்பது கடலை போடுகிற எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தால் 10,000 கன மீட்டர். டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 3,300 நடைக்கு மேல் ஆகும். அவ்வளவையும் அரசு அளவுப்படி நன்செயில் மட்டும் கொட்டுவதென்றால் 130 ஏக்கருக்கு மேல் வேண்டும். இத்தனை பாடும் பட்டபின் நம் கையில் இருப்பது 10,000 கன மீட்டர் காலி இடம். அதில் தண்ணீர் வருமா என்பது வேறு கேள்வி. அப்படியே வந்தாலும், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது; மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆடுமாட்டுக்கும் மீனுக்கும் உதவும், பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறும். ஆயக்கட்டுக்காரர், அதாவது கண்மாய்ப் பாசன நிலத்துக்காரர், எதிர்பார்த்துப் பணம் கொடுத்தது அதற்காக என்றால் சரி. பாசனத்துக்காக என்றால், ஏமாற்றம்தான்.

கோடையில் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற உள்பரப்பில், இடுப்பளவு குழி ஒன்று வெட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒரு ஆள் கூலிதான். மேலே வெடிப்பு விட்ட கருத்த களி இருக்கும். ஒரு சாண் கீழே போனால் இரண்டு விரல் தடிமனுக்குச் சிவந்த சரளை மணல் பட்டை ஒன்று ஓடும். அதற்குக் கீழே மறுபடி வழவழப்பான களி. களிப்பட்டை நிதானமாகத் தண்ணீர் வந்து, தேங்கி, தெளிந்த ஆண்டுகளில் படிந்தது. சிவப்புப் பட்டை மேட்டில் எங்கோ செம்மண் திறந்து கிடந்தபோது அடித்த ஒரு பெருமழையில் வந்தது. மேல் ஒரு முழத்தில் சிவப்புப் பட்டைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன என்றால், மேட்டு நிலம் சமீபத்தில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த அறிக்கையும் இல்லாமல் ஊரே நின்று படிக்கக்கூடிய சாட்சி அது.

அந்தக் குழி இன்னொன்றும் சொல்லும். களி எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது? அதைத் தாண்டி மணலோ சரளையோ தட்டுகிற இடத்தில் பொக்லைன் நிற்க வேண்டும். கண்மாய்க்குள் தண்ணீரை நிறுத்தி வைப்பதே அந்தக் களிதான். அதையும் வழித்து எடுத்துவிட்டால் அடுத்த மழையில் வந்த தண்ணீர் சீக்கிரமே கீழே இறங்கிவிடும். அதோடு, லாரி வந்து திரும்ப வசதியாக இருக்கிறது என்று கரையடியிலேயே ஆழமாக வெட்டுவது கரைக்கே ஆபத்து. பருமணல், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலின் வாயருகே குவிந்து கிடக்கும். நைசான களி மடைக்கு முன்னால் கிடக்கும். எடுக்க வேண்டியது இந்த இரண்டு இடத்தில்தான். முழு உள்வாயையும் மட்டம் பிடித்தாற்போல வழிக்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில், பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. அங்கே நாரைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். அப்படி நிற்கிற மரத்தை விட்டு ஒதுங்கி மண் எடுப்பதுதான் முறை.

இரண்டாவது வழி வரத்துக்கால். இங்கேதான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன்.

முன்பு போட்ட கணக்கை இங்கே திருப்பிப் போடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்திலிருந்து பத்து மில்லிமீட்டர் தண்ணீர் கூடுதலாக ஓடிவந்தால் அது 10,000 கன மீட்டர். நம் ஆண்டு மழையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மூவாயிரத்துச் சொச்சம் டிராக்டர் நடை தோண்டி இடம் பண்ணுவதும், அடைபட்ட ஒரு வரத்துக்காலைத் திறந்து நூற்றில் ஒரு பங்கு மழையை உள்ளே விடுவதும் அளவில் ஒன்றே. செலவில் ஒன்று இல்லை. மேலும் திறந்த கால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கொண்டுவரும்.

அடைப்பு எங்கே இருக்கும்? காலோடு மேலே நடந்தால் தெரியும். கண்மாய் வாயில் பத்தடி அகலமாக இருக்கிற கால், கொஞ்ச தூரத்தில் யாரோ வரப்பைத் தள்ளிப் போட்டதில் நாலடி ஆகும். அப்புறம் ஒரு புது மண்சாலை குறுக்கே வரும். பிளாட் போட்டவர் போட்ட சாலை. அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாய், இரண்டடி விட்டம்; அதிலும் பாதி மண் அடைத்து, வாயில் பிளாஸ்டிக் பையும் கருவேல முள்ளும் சிக்கிக் கிடக்கும். குழாய்க்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கின அடையாளம் சாலைச் சரிவில் கோடாகத் தெரியும். அங்கே தேங்கிய தண்ணீர் பக்கத்துப் பொட்டலில் பரவி, வெயிலில் போயிருக்கும். கீழே கண்மாய் வறண்டு கிடக்க, மேலே சாலை மூழ்கியது என்று புகார் எழுதுவார்கள். இரண்டும் ஒரே குழாயின் வேலை.

ஆற்றிலிருந்து பிரிகிற வரத்துக்காலுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஆற்றில் மணல் அள்ள அள்ள ஆற்றுப் படுகை இறங்கிவிடுகிறது. காலின் தலைப்பு பழைய மட்டத்திலேயே நிற்கும். வெள்ளம் கண் முன்னால் ஓடும், காலுக்குள் ஏறாது. காலை எவ்வளவு அழகாகச் சுரண்டினாலும் இதற்குப் பலன் இல்லை. தலைப்பில் ஒரு சின்னத் தடுப்புக் கட்டி நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும், அல்லது காலையே மேலே இன்னும் தூரத்திலிருந்து பிரிக்க வேண்டும். அது ஊர்ப் பணத்தில் முடிகிற வேலை கிடையாது. நீர்வளத்துறையிடம்தான் போக வேண்டும். மணல் அள்ளுவதை நிறுத்தாமல் இதைச் செய்தாலும் சில ஆண்டில் பழைய கதைதான்.

வரத்துக்காலின் கஷ்டம் மண்வெட்டி வேலையில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், சில நேரம் பங்காளி. அதனால்தான் எல்லாரும் கண்மாய்க்குள் தோண்டப் போய்விடுகிறார்கள். அங்கே யார் மனமும் புண்படாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் எழுதிய அ-பதிவேடும் புலப்படமும் எடுத்தால் வாய்க்கால் புறம்போக்கு எத்தனை அகலம் என்று தெரிந்துவிடும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் கையில் இருக்கிறது. ஆனாலும் அளவையர் வந்து கல் ஊன்றுகிற அன்று ஊர்ப் பெரியவர்கள் கூட நிற்பதைப் போல எந்தச் சட்டமும் உதவாது. காலைச் சுரண்டும்போது ஒரு விஷயம்: எடுத்த மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டாதீர்கள். நூறு நாள் வேலையில் பல ஊர்களில் அப்படிச் செய்ததில், முதல் மழைக்கே மண் உள்ளே திரும்பிவிட்டது. நாலடி தள்ளிக் கொட்டி, மேலே புல் பிடிக்கவிட வேண்டும்.

மூன்றாவது வழி மேட்டு நிலத்தையே சரி செய்வது. மற்றவற்றைவிட மெதுவானது, ஆனால் மண் வருவதை நிறுத்துகிற வழி இது ஒன்றுதான். தைலமரம் பற்றிச் சண்டை அதிகம், ஆதாரம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மொக்கோபுலான் என்ற இடத்தில் புல்வெளியாக இருந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் 1969-இல் தைலமரம் நட்டு ஓடையை அளந்தார்கள். ஒன்பதாவது ஆண்டில் ஓடை முற்றிலும் வறண்டது. பதினாறாம் ஆண்டில் மரத்தை முழுக்க வெட்டினார்கள். அதன் பிறகும் ஓடை பழையபடி ஓட ஐந்து ஆண்டு ஆனது. நம் மண்ணும் மழையும் வேறு. அதே எண்ணை இங்கே பொருத்த முடியாது. ஆனால் வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சிய ஈரம் திரும்ப நிரம்ப நாளாகும் என்ற பாடம் இங்கும் பொருந்தும். மரத்தை வெட்டிய அடுத்த ஐப்பசியிலேயே கண்மாய் பெருகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதைவிட உடனே பலன் தரக்கூடியது, தோப்புகளுக்குள் தண்ணீரைப் பிடிக்க வெட்டியிருக்கிற குழிகளையும் வரப்புகளையும் பற்றிப் பேசி, ஓடைக்கு வழி விடச் செய்வது.

சீமைக் கருவேலத்தில் இன்னொரு கவனம் தேவை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் எங்கும் அதை வேரோடு பிடுங்குகிற வேகம் வந்தது. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் அதை எடுப்பது நியாயம். மேட்டுச் சரிவிலோ, ஜேசிபியால் பிடுங்கி நிலத்தைப் பொட்டலாக விட்டால், அதுவரை வேர் பிடித்து வைத்திருந்த செம்மண் அடுத்த அடைமழையில் கண்மாய்க்குத்தான் வரும். நான் சொன்ன சிவப்புப் பட்டை அப்படித்தான் உருவாகிறது. சரிவில் எடுப்பதென்றால் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே வேலி போட்டுப் புல்லும் வேம்பும் பனையும் வரவிட்டு, அப்புறம் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருப்பதால் இந்த நிதானம் அவர்களுக்கும் நல்லது.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். தடுப்பணை, பண்ணைக்குட்டை, ஆழ்துளைக் கிணறு. தடுப்பணை கட்டிய இடத்தில் நிலத்தடி நீர் ஊறும், மணலும் கொஞ்சம் தங்கும். ஆனால் நம்முடைய சங்கிலியில் மேலே ஒன்று கூடக் கூடக் கீழே வருவது குறையும். கீழ்க் கண்மாய்க்காரரைக் கேட்காமல் கட்டக் கூடாது. ஆழ்துளைக் கிணறு தண்ணீரை எடுக்கிற வழி, சேர்க்கிற வழி அல்ல. காரைக்குடி குடிக்கிற சம்பை ஊற்றுத் தண்ணீரே மேலே திறந்த நிலத்திலும் கண்மாயிலும் இறங்குகிற மழையை நம்பி இருக்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வரட்டும் என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. 2021-இல் 14,400 கோடி ரூபாய் திட்டமாக அடிக்கல் நாட்டிய அந்தக் கால்வாய் வந்தாலும், அதன் தண்ணீர் நம் கண்மாய்க்குள் நுழைய வேண்டியது இதே வரத்துக்கால் வழியாகத்தான்.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? ஊரில் வயதானவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 2021-இல் நம் கலுங்கு பாய்ந்ததா? அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க இயல்பைவிட ரொம்ப அதிகம். அந்த மழைக்கும் கலுங்கு பாயவில்லை என்றால் கண்மாயில் இடம் போதாத குறை இல்லை. தண்ணீர் வரும் வழியில் குறை. அங்கே தூர்வாருவது வீண். எங்கள் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டது இதைத்தான்: "கலுங்குல தண்ணி பார்த்து எத்தனை வருசமாச்சு தம்பி? இன்னும் ஆழமாத் தோண்டி என்ன பண்ணப் போறீக?" அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கலுங்கு பாய்ந்தது, ஆனால் தை முடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றால் முதலில் மடையைப் பாருங்கள். ஷட்டர் ஒழுகினால் அதைச் சரி செய்வது எந்தத் தோண்டலையும்விட மலிவு. மடை சரியாக இருந்தும் தீர்ந்தால், குழி வெட்டிக் களியின் ஆழம் பார்த்துவிட்டுத் தூர்வாரலாம். தண்ணீர் வருகிறது, ஆனால் செக்கச் செவேலென்று வந்து நாளாகியும் தெளிவதில்லை என்றால் மேட்டு நிலத்துக்குப் போங்கள். அங்கே எங்கோ நிலம் திறந்து கிடக்கிறது.

ஊருணிக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. ஊருணி குடிக்கவும் புழங்கவும் வெட்டியது, பாசனம் கிடையாது. பரப்பு சின்னது, ஆழம்தான் அதன் பலம். நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகப் போய்விடும். ஆழம் குறைந்த ஊருணி சித்திரைக்கு முன்பே காலியாகும். அங்கே தூர்வாருவதுதான் முதல் வேலை. ஆனால் படிக்கட்டின் செம்புறாங்கல் அடித்தளம் சரியாதபடி நடுவில் மட்டும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது வீடுகளோடு பேசப்பட்டது இந்த நீர் ஏற்பாடும்தான்: கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, மிச்சம் தெருக் காலில் ஓடி ஊருணி சேர்வது. அந்தத் தெருக் காலில் இன்று பல ஊர்களில் சாக்கடை ஓடுகிறது. அதைப் பிரிக்காமல் ஊருணியைத் தூர்வாரினால் சேர்வது கழிவுநீர்தான்.

பணத்தைப் பிரிப்பது பற்றிக் கேட்டால், என் கணக்கு இப்படி: பங்குனிக்குள் அளந்து கல் ஊன்றி, ஆடிக்குள் வரத்துக்காலையும் குழாய்ப் பாலத்தையும் முடித்துவிடுங்கள். பாதிக்கு மேல் அதற்கே ஆகும். ஒரு பங்கில் மடையும் கலுங்கும் கரை மண்ணும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்கிற அன்று குடையோடு நாலு பேர் காலோரம் மேலே வரைக்கும் நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே சிவந்து வருகிறது என்று குறித்து வாருங்கள். அடுத்த ஆண்டு மேட்டு நில வேலை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கும். மிச்சப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். கலுங்கு பாய்ந்த ஆண்டுக்கு அடுத்த கோடையில் பொக்லைனைக் கூப்பிடலாம்.